ஹாஸ்கெல் தொடரியலை எந்த வரிசையில் கற்பது?

பாலக்கோட்டான் (பாலக்கோடு)

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் சி மொழியும், வேலைக்குச் சேர்ந்த பிறகு பைத்தானும் பழகியவன் நான். எங்கள் தக்காளி மண்டியின் அன்றாடக் கணக்குகளுக்குப் பைத்தானில் சிறிய நிரல்கள் எழுதி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது செயற்கூறு சார்ந்த மொழி ஒன்றை முறையாகக் கற்க விரும்பி, ஹாஸ்கெலைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

என் சிக்கல் தொடரியலில்தான் இருக்கிறது. செயற்கூறை அழைக்க அடைப்புக்குறி இல்லை. ஃபார், வைல் ஆகிய மடக்குகள் இல்லை. ரிட்டர்ன் என்ற சொல் இருந்தாலும் அது வேறு வேலை செய்கிறது. எடுத்துக்காட்டாக, கிலோ விலை 15 ரூபாய்க்கு மேல் போனவற்றை மட்டும் எடுத்து, 25 கிலோ கிரேட்டுக்கு என்ன விலை என்று கணக்கிடும் வரி இது:

மேப் (\ப -> ப * 25) (ஃபில்டர் (> 15) விலைகள்)

இது என்ன செய்கிறது என்பது விளக்கத்தைப் படித்தால் புரிகிறது. ஆனால் இதில் எது செயற்கூறு, எது அதற்குக் கொடுக்கப்படும் மதிப்பு, ஒன்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை என்னால் தானாகப் பிரித்தறிய முடியவில்லை. எதை முதலில் கற்றால் இந்தத் தடை நீங்கும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

இழையைத் தமிழிலேயே நடத்தலாம் என்பதால் மொழியின் சிறப்புச் சொற்களையும் பெயர்களையும் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அடிக்கும்போது அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும் என்பது தெரியும்.

ஓசூர் நிரலர் (ஓசூர்)

நீங்கள் காட்டிய வரியிலிருந்தே தொடங்குவோம். ஹாஸ்கெலில் இரண்டு சொற்கள் இடைவெளி மட்டும் விட்டு அருகருகே நின்றால், இடப்பக்கம் இருப்பது செயற்கூறு, வலப்பக்கம் இருப்பது அதற்கு நாம் கொடுக்கும் மதிப்பு. இந்தப் பிணைப்பு கூட்டல், பெருக்கல் உள்ளிட்ட எல்லாக் குறிகளையும்விட வலுவானது. இரட்டை என்ற செயற்கூறு தன் மதிப்பை இருமடங்காக்கித் தரும் என்று கொண்டால்,

இரட்டை 3 + 4

என்பதன் விடை 10. செயற்கூறு 3 என்ற எண்ணோடு முதலில் சேர்ந்து 6 ஆன பிறகுதான் 4 வந்து கூடுகிறது. 14 வேண்டுமென்றால் இரட்டை (3 + 4) என்று எழுத வேண்டும். ஆகவே இங்கே அடைப்புக்குறியின் வேலை செயற்கூறை அழைப்பதன்று. உள்ளே இருப்பது ஒரே மதிப்பு என்று காட்டுவது மட்டுமே. சி மொழியில் பழகிய கைக்கு இது வர நாளாகும் என்பதால், முதல் வாரம் முழுவதும் இதையே பழகினாலும் நேரம் வீணாகாது.

இப்போது உங்கள் வரியைப் பாருங்கள். மேப் என்பது செயற்கூறு. அதற்குப் பின்னால் இரண்டு அடைப்புகள் இருப்பதால் அதற்கு இரண்டு மதிப்புகள் கொடுக்கப்படுகின்றன. முதல் அடைப்பில் உள்ளது பெயரில்லாத ஒரு செயற்கூறு; சாய்கோட்டுக்குப் பின் வரும் ப அதன் அளபுரு (அது வாங்கும் மதிப்புக்கான பெயர்), அம்புக்குறிக்குப் பின் வருவது அதன் விடை. இரண்டாம் அடைப்பைத் திறந்தால் அங்கும் அதே அமைப்பு: ஃபில்டர் செயற்கூறு, அதற்கு (> 15) ஒரு மதிப்பு, விலைகள் மற்றொரு மதிப்பு. வெளியிலிருந்து உள்ளே போகும்போது ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டிய கேள்வி, இங்கே முதலில் நிற்பது யார், அதற்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது மட்டும்தான்.

குறை எண்ணில் கவனமாக இருங்கள். இரட்டை -3 என்று எழுதினால், இரட்டை என்பதிலிருந்து 3-ஐக் கழிக்கச் சொல்வதாகவே மொழி எடுத்துக்கொண்டு பிழை காட்டும். இரட்டை (-3) என்பதே சரி. அடைப்புகள் பெருகும்போது டாலர் குறி உதவும். இரட்டை (இரட்டை (3 + 4)) என்பதை இரட்டை $ இரட்டை $ 3 + 4 என்றும் எழுதலாம். குறிக்கு வலப்பக்கம் உள்ள அனைத்தும் ஒரே மதிப்பாகச் சேர்ந்து இடப்பக்கச் செயற்கூறுக்குப் போகும். ஆனால் டாலரைத் தொடக்கத்திலேயே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. அடைப்புகளை முழுமையாகப் போட்டுப் பழகியவருக்கே அவற்றை எங்கே விடலாம் என்பது தெளிவாகும்.

மற்றொரு அடிப்படை, இந்த மொழியில் ஏறக்குறைய அனைத்தும் கோவைகள், அதாவது ஒரு மதிப்பைத் தருபவை, என்பது. சி மொழியில் இஃப் என்பது ஒரு கூற்று. எல்ஸ் இல்லாமலும் அதை விட்டுவிடலாம். இங்கே இஃப் ஒரு மதிப்பைத் தர வேண்டிய கோவை என்பதால் எல்ஸ் கட்டாயம், இரு கிளைகளின் தரவினமும் (முழு எண், எழுத்துத் தொடர் போன்ற மதிப்பு வகை) ஒன்றாக இருக்க வேண்டும்.

அரூர் மாணவி (அரூர்)

நான் இந்த ஆண்டுதான் பொறியியல் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலின் முதல் பாடத்தில் லெட் ரெக் என்று தொடங்கும் செயற்கூறு வரையறைகள் இருந்தன. தேர்வுக்காகப் படித்தோமே தவிர, அது எந்த மொழியின் வடிவம் என்று எங்களுக்குத் தெரியாது. ஹாஸ்கெல் பார்க்கும்போது அது நினைவுக்கு வருகிறது. ஆனால் அங்கே தரவினத்தைக் குறிக்க ஒற்றை முக்காற்புள்ளி இருந்தது, இங்கே இரட்டையாக இருக்கிறது. மேலும் இரண்டு முழு எண்களை வாங்கும் செயற்கூறின் தரவினத்தை இன்ட் -> இன்ட் -> இன்ட் என்று எழுதுகிறார்கள். இதில் எது உள்ளே போவது, எது வெளியே வருவது? இரண்டு அம்புகள் ஏன்?

மடிக்கணினியில் இடம் குறைவாக இருப்பதால் இன்னும் எதையும் நிறுவவில்லை. நிறுவாமல் பழக வழி உண்டா?

மாங்கனி ஆசிரியர் (கிருஷ்ணகிரி)

அரூர் மாணவிக்கு: நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள், அம்மா. பாடநூலில் நீங்கள் பார்த்தது எம்எல் குடும்பத்து மொழிகளை ஒட்டிய வடிவம். எம்எல் மொழியை 1970-களில் எடின்பரோவில் ராபின் மில்னரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள். இன்றைய ஓகேமல் அதன் வழியில் வந்தது. அந்தக் குடும்பத்தில் ஒற்றை முக்காற்புள்ளி தரவினத்தையும், இரட்டை முக்காற்புள்ளி பட்டியலின் தலையில் ஓர் உறுப்பைச் சேர்ப்பதையும் குறிக்கும். ஹாஸ்கெலில் இவை இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. தற்சுழற்சிக்கென்று ரெக் என்ற சொல்லும் ஹாஸ்கெலில் தேவையில்லை. எந்த வரையறையும் தன்னைத் தானே அழைத்துக்கொள்ளலாம்.

இனி அம்புகள். ஹாஸ்கெலில் ஒவ்வொரு செயற்கூறும் உண்மையில் ஒரே ஒரு மதிப்பைத்தான் வாங்குகிறது. கீழே உள்ளதைப் பாருங்கள். விலை, எடை எல்லாம் நான் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை.

மதிப்பு :: இன்ட் -> இன்ட் -> இன்ட்
மதிப்பு விலை எடை = விலை * எடை

மதிப்பு 30 120 என்று எழுதினால் 3600 கிடைக்கும். ஆனால் மதிப்பு 30 என்று மட்டும் எழுதி நிறுத்தினாலும் அது முறையான கோவையே. எடையை எதிர்பார்த்துக் காத்திருக்கும் புதிய செயற்கூறு ஒன்று கிடைக்கும். அதற்குப் பெயர் சூட்டலாம்:

செந்தூரா :: இன்ட் -> இன்ட்
செந்தூரா = மதிப்பு 30

மேப் செந்தூரா [120, 85, 200]

இதன் விடை [3600, 2550, 6000]. தரவினத்தில் உள்ள அம்புகள் வலப்பக்கமிருந்து சேர்கின்றன என்பதால், இன்ட் -> (இன்ட் -> இன்ட்) என்று அடைப்பு இருப்பதாகவே வாசிக்க வேண்டும். ஓர் எண் உள்ளே போகிறது. ஓர் எண்ணை எண்ணாக மாற்றும் செயற்கூறு வெளியே வருகிறது. அடைப்பில்லாத நீண்ட தரவினத்தைக் கண்டால் கடைசி அம்புக்குப் பின் நிற்பது இறுதி விடை, அதற்கு முன் நிற்பவை எல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டியவை என்று கொள்ளுங்கள். பாலக்கோட்டுத் தம்பி காட்டிய (> 15) என்பதும் இதே வகையைச் சேர்ந்தது: ஒரு பக்கம் மட்டும் நிரப்பப்பட்ட குறி, மறுபக்கம் வரவிருக்கும் எண்ணுக்காகக் காத்திருக்கிறது.

இந்த முறைக்குக் கறியிங் என்று பெயர். ஹாஸ்கெல் கறி என்ற அமெரிக்க அளவையியல் அறிஞரின் பெயர்தான் இதற்கும், மொழிக்கும் சூட்டப்பட்டது. 1987-ல் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் நடந்த மாநாட்டில் கூடியவர்கள் பொதுவான ஒரு மொழிக்காகக் குழு அமைத்தார்கள். முதல் அறிக்கை 1990-ல் வெளிவந்தது.

நிறுவாமல் பழக, ஹாஸ்கெல் பிளேகிரவுண்ட் என்ற இணையதளம் இருக்கிறது. கைபேசி உலாவியிலும் திறக்கும். முழுவதையும் நிறுவச் சில ஜிபி இடம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் நிறுவிவிட்டால், ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் ஓட்டிக் காட்டும் ஜிஎச்சிஐயில் இணையம் இல்லாமலே எழுதிப் பார்க்கலாம். மலையடிவார ஊர்களில் சிக்னல் வந்து போகும் நிலைமையை நினைத்தால் அதுவே நல்லது.

பாலக்கோட்டான் (பாலக்கோடு)

இருவருக்கும் நன்றி. அருகருகே நிற்பதே அழைப்பு என்று தெரிந்த பிறகு பழைய வரிகளை மீண்டும் படித்தேன். பல இடங்கள் திறந்துகொண்டன. இப்போது மடக்கு இல்லாமல் ஒரு நாள் விலைகளைக் கூட்டுவது எப்படி என்பதில் நிற்கிறேன். பைத்தானில் மொத்தம் = மொத்தம் + விலை என்று எழுதிச் சுற்றவிடுவேன். அதையே ஜிஎச்சிஐயில் எழுதினால் பிழையும் வரவில்லை, விடையும் வரவில்லை. மொத்தத்தைக் கேட்டால் அப்படியே நின்றுவிடுகிறது.

மாங்கனி ஆசிரியர் (கிருஷ்ணகிரி)

அது நின்றுவிடுவதற்குக் காரணம் உண்டு, தம்பி. சமக்குறி இங்கே பெட்டியில் மதிப்பை வைக்கும் கட்டளையன்று. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றே என்ற கணிதச் சமன்பாடு. மொத்தம் என்பது மொத்தம் + 10 என்று வரையறுத்தால், மொத்தம் என்ன என்று தேட மொழி மீண்டும் மொத்தத்திடமே செல்கிறது, அங்கிருந்து மீண்டும் மொத்தத்திடமே திரும்புகிறது. முன்பிருந்த பழைய மொத்தம் என்ற ஒன்று அதற்குக் கிடையாது.

ஆகவே கூட்டலைக் கட்டளைகளாக எண்ணாமல், பட்டியலின் வடிவத்தைப் பார்த்து எழுத வேண்டும். பட்டியல் வெறுமையாக இருக்கலாம், அல்லது முதல் உறுப்பும் மீதியுமாக இருக்கலாம். மூன்றாவது வடிவம் இல்லை.

கூட்டல் :: [இன்ட்] -> இன்ட்
கூட்டல் [] = 0
கூட்டல் (முதல் : மீதி) = முதல் + கூட்டல் மீதி

இதைக் கணினியில் ஓட்டுவதற்கு முன் தாளில் எழுதிப் பாருங்கள் என்று என் மாணவர்களிடம் எப்போதும் வலியுறுத்துவேன். இடப்பக்கத்தைக் கண்ட இடத்தில் வலப்பக்கத்தை வைத்துக்கொண்டே போக வேண்டும்:

கூட்டல் [420, 380, 510]
= 420 + கூட்டல் [380, 510]
= 420 + (380 + கூட்டல் [510])
= 420 + (380 + (510 + கூட்டல் []))
= 420 + (380 + (510 + 0))
= 1310

தொடரியலைக் கற்க இதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. ஏனென்றால், ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போகும்போது எந்தப் பகுதியை எடுத்து மாற்றுகிறோம் என்பதைக் கண் தேடியாக வேண்டும். அந்தத் தேடலில்தான் எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பது கையில் ஏறுகிறது. மதிப்புகள் மாறாத மொழி என்பதால்தான் இப்படிச் சமமானதைச் சமமானதால் மாற்றித் தாளிலேயே விடை காண முடிகிறது. மதிப்பு நடுவில் மாறும் சி நிரலுக்கு இதைச் செய்தால், ஒவ்வொரு வரியிலும் எல்லா மாறிகளின் அப்போதைய நிலையையும் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டியிருக்கும்.

இடப்பக்கத்தில் உள்ள அடைப்பைக் கவனியுங்கள். கூட்டல் முதல் : மீதி என்று அடைப்பில்லாமல் எழுதினால், ஓசூர் நண்பர் சொன்ன அதே விதிப்படி கூட்டல் முதல் என்பது முதலில் சேர்ந்துகொள்ளும், கம்பைலர் வடிவத்தைப் புரிந்துகொள்ள முடியாமல் பிழை காட்டும். இந்த அடைப்பு தவறுவதைத்தான் என் வகுப்பில் அதிகம் பார்க்கிறேன்.

பழகிய பிறகு, பட்டியலின் உறுப்புகளை இணைத்து ஒரே மதிப்பாக்கும் ஃபோல்டார் செயற்கூறைக் கொண்டு இதே கூட்டலை ஃபோல்டார் (+) 0 என்று ஒரே வரியில் எழுதுவீர்கள். இப்போது வேண்டாம்.

தருமபுரி எலிக்சிர் (தருமபுரி)

குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலை நோக்கில் பார்க்கிறவர்களுக்கு ஹாஸ்கெலைவிட எலிக்சிர் தொடரியல் எளிது என்பது என் உறுதியான கருத்து. 1986-ல் எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்காக எர்லாங் என்ற மொழி உருவாகத் தொடங்கியது. வாட்ஸ்அப்பின் சர்வர்கள் அதில்தான் எழுதப்பட்டன. அதே எர்லாங் இயந்திரத்தின் மேல் ஹோசே வாலிம் உருவாக்கிய மொழி எலிக்சிர்.

அதில் செயற்கூறை அழைக்கும்போது பழகிய அடைப்புக்குறி இருக்கிறது. வடிவப் பொருத்தம் இருக்கிறது, தற்சுழற்சி இருக்கிறது, மதிப்புகள் மாறுவதில்லை. |> என்ற குறியால் விலைகளை எடு, வடிகட்டு, பெருக்கு, கூட்டு என்று மேலிருந்து கீழாக வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதலாம். பாலக்கோட்டு நண்பரின் வரியைப் போல உள்ளிருந்து வெளியே வாசிக்க வேண்டியதில்லை. தரவினங்களோடு போராடாமல் செயற்கூறு சார்ந்த சிந்தனையை முதலில் பிடித்துக்கொள்ள முடியும்.

ஓசூர் நிரலர் (ஓசூர்)

எலிக்சிர் நல்ல மொழி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தொடரியல் எளிது என்பதை முழுமையாக ஏற்க முடியவில்லை. பெயரில்லாத செயற்கூறை ஒரு பெயரில் வைத்துக்கொண்டால் இரட்டை.(5) என்று நடுவில் புள்ளி வைத்து அழைக்க வேண்டும். பெயருள்ள செயற்கூறுக்குப் புள்ளி வேண்டாம். இரண்டு அளபுரு கொண்ட செயற்கூறுக்கு ஒன்றை மட்டும் கொடுத்தால், அந்தப் பெயரில் ஓர் அளபுரு கொண்ட செயற்கூறு இல்லை என்று பிழை வரும். ஆசிரியர் காட்டிய மதிப்பு 30 போன்ற பாதி நிரப்புதல் அங்கே இயல்பாகக் கிடைக்காது. ஹாஸ்கெலில் ஒரே அழைப்பு விதிதான். மேலிருந்து கீழாக எழுத விரும்பினால், டேட்டா.ஃபங்ஷன் தொகுப்பில் & என்ற குறி அதே வேலையைச் செய்கிறது.

தரவினங்கள் போராட்டம் என்பதும் எழுதும் முறையைப் பொறுத்தது. இதைத் தனியாகவே பேச வேண்டும்.

பாலக்கோட்டான் (பாலக்கோடு)

தரவினம் பற்றிய பேச்சு வந்ததால் கேட்கிறேன். கூட்டல் சரியாக வந்தது. தாளில் எழுதிப் பார்த்ததும் பயன்பட்டது. அடுத்து, அன்றைய சராசரி விலையைக் காண இப்படி எழுதினேன்:

சராசரி விலைகள் = சம் விலைகள் / லெங்த் விலைகள்

ஃப்ராக்ஷனல் இன்ட் என்பதற்கு இன்ஸ்டன்ஸ் இல்லை என்று ஒரு பிழை வருகிறது. பள்ளியில் படித்த சராசரிச் சூத்திரம்தானே இது?

ஓசூர் நிரலர் (ஓசூர்)

சூத்திரம் சரி. பட்டியலின் நீளத்தைச் சொல்லும் லெங்த் எப்போதும் இன்ட் தரவினத்தில்தான் விடை தரும். வகுத்தல் கோடோ பின்னம் தாங்கும் தரவினத்தையே ஏற்கும், அதுவும் இருபக்கமும் ஒரே தரவினமாக இருக்க வேண்டும். ஆகவே கம்பைலர் வலப்பக்கத்து இன்ட்டைப் பார்த்து இடப்பக்கமும் இன்ட் என்று முடிவு செய்து, இன்ட்டுக்குப் பின்ன வகுத்தல் கிடையாதே என்று சொல்கிறது. ஹாஸ்கெல் முழு எண்ணைத் தானாகப் பின்ன எண்ணாக மாற்றாது. மாற்றத்தை நாம்தான் எழுத வேண்டும்.

இப்போது, திருத்தாமல், மேலே தரவினத்தை மட்டும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள் (டபுள் என்பது பின்னம் தாங்கும் எண்):

சராசரி :: [டபுள்] -> டபுள்
சராசரி விலைகள் = சம் விலைகள் / லெங்த் விலைகள்

பிழைச் செய்தியே மாறிவிடும். டபுள் எதிர்பார்க்கப்படும் இடத்தில் இன்ட் வந்திருக்கிறது என்று சொல்லி, லெங்த் இருக்கும் இடத்தையே சுட்டிக்காட்டும். நம் நோக்கத்தை ஒரு வரியில் எழுதிவிட்டதால், எந்தப் பக்கம் தவறு என்று கம்பைலருக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் ஒவ்வொரு செயற்கூறுக்கும் தரவின வரியை முதலில் எழுதிவிட்டு, பிறகு வரையறையை எழுதச் சொல்கிறேன். தரவின வரி கட்டாயமில்லை என்று சில பாடங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் தொடக்க நிலையில் அதை விடுவது பிழைச் செய்திகளை நாமே குழப்பிக்கொள்வதாகும்.

திருத்திய வடிவம்:

சராசரி விலைகள் = சம் விலைகள் / ஃப்ரம்இன்டக்ரல் (லெங்த் விலைகள்)

எந்தக் கோவையின் தரவினத்தையும் ஜிஎச்சிஐயில் :டி என்று தொடங்கிக் கேட்கலாம். ஒரு தரவினம் கைவசம் இருந்து, அதற்குப் பொருந்தும் செயற்கூறின் பெயர் தெரியாவிட்டால், ஹூகிள் என்ற தேடுதளத்தில் தரவினத்தையே எழுதித் தேடலாம். தரவினத்தை வாசிக்கப் பழகியவருக்கு அந்தத் தளம் பாதி ஆசிரியர்.

அரூர் மாணவி (அரூர்)

இடம் ஒதுக்கி நிறுவிவிட்டேன். ஒகேனக்கல் நீர்வரத்தை வைத்து ஒரு சிறிய செயற்கூறு எழுதினேன். எண்கள் என் கற்பனை; தடை விதிக்கும் உண்மையான அளவுகள் அல்ல.

நிலை :: இன்ட் -> ஸ்ட்ரிங்
நிலை வரத்து
  | வரத்து >= 20000 = "குளிக்கவும் தடை"
  | வரத்து >= 8000 = "தடை"
  | அதர்வைஸ் = "அனுமதி"

பிழை இல்லை. ஆனால் நிலை 9000 என்று கேட்டால் "தடை" என்று வராமல் "\2980\2975\3016" என்று எண்களாக வருகிறது. என் நிரல் தவறா?

ஓசூர் நிரலர் (ஓசூர்)

நிரல் சரியாக இருக்கிறது, சகோதரி. ஜிஎச்சிஐ எந்த விடையையும் ஷோ என்ற செயற்கூறின் வழியாகத்தான் திரையில் காட்டும். ஷோ, அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதிக்கு வெளியே உள்ள ஒவ்வொரு குறியையும் அதன் யூனிகோட் எண்ணாக எழுதிவிடும். த என்பது 2980, ட என்பது 2975, ஐகாரக் குறி 3016. நிலை 9000 என்பதற்கு முன்னால் புட்ஸ்ட்ரிங்எல்என் என்று சேர்த்தால் தமிழாகவே வரும். விண்டோஸில் எழுத்துப் பிழை என்று நின்றால், கட்டளைச் சாளரத்தில் முதலில் சிஎச்சிபி 65001 என்று அடித்துவிட்டு ஜிஎச்சிஐயைத் திறக்கவும். அதே காரணத்தால், "தடை" என்பதன் லெங்த் 3 என்றுதான் வரும். நாம் எண்ணுவது இரண்டு எழுத்து, மொழி எண்ணுவது யூனிகோட் குறிகளை.

உங்கள் நிரலில் நிபந்தனைகளை மேலிருந்து கீழாகச் சரியாக வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். 8000 வரி முதலில் வந்திருந்தால் 20000 வரிக்கு ஒருபோதும் முறை வராது. அதர்வைஸ் என்பது சிறப்புச் சொல் அன்று. ட்ரூ என்ற மதிப்புக்கு வைத்த மற்றொரு பெயர் மட்டுமே.

வரிகளின் தொடக்க இடைவெளியிலும் கவனம் தேவை. எந்த வரி எதற்குள் அடங்குகிறது என்பதை ஹாஸ்கெல் இடைவெளியைக் கொண்டே முடிவு செய்கிறது. பீட்டர் லாண்டின் 1966-ல் முன்வைத்த எண்ணம் இது. டேப் விசையைத் தவிர்த்து, எடிட்டரில் வெற்றிடங்களாக மாற்றும் அமைப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோட்டான் (பாலக்கோடு)

இன்னொரு ஐயம். நிபந்தனைக் கோட்டுக்குப் பின் சமக்குறி வருகிறது. கேஸ் என்று எழுதும் இடத்தில் அதே வேலைக்கு அம்புக்குறி வருகிறது. எப்போது எது? மேலும், வரத்தே இல்லாத நாளில் பட்டியல் வெறுமையாக இருக்கும். அன்றைய உச்ச விலையைக் கேட்டால் நிரல் முறிந்துவிடுகிறது. 0 என்று தரலாமா?

மாங்கனி ஆசிரியர் (கிருஷ்ணகிரி)

பெயர் சூட்டி வரையறுக்கும் இடத்தில் சமக்குறி. ஒரு கோவைக்குள்ளேயே வடிவம் பார்த்துக் கிளை பிரியும் கேஸிலும், பெயரில்லாச் செயற்கூறிலும் அம்புக்குறி. இதை மனப்பாடம் செய்வதைவிட, சமக்குறிக்கு இடப்பக்கம் எப்போதும் ஒரு புதிய பெயர் நிற்கிறதா என்று பார்த்துப் பழகுவது நிலைக்கும்.

0 தர வேண்டாம். தக்காளி விலை வீழ்ந்து சாலையோரம் கொட்டப்படும் நாள்களை நம் பக்கம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அத்தகைய நாளின் 0-க்கும், வரத்தே இல்லாத நாளின் 0-க்கும் கணக்கில் வேறுபாடு தெரியாமல் போகும். விடை இல்லாமலும் போகலாம் என்பதைத் தரவினத்திலேயே எழுத ஹாஸ்கெல் இடம் தருகிறது:

உச்சம் :: [இன்ட்] -> மேபீ இன்ட்
உச்சம் [] = நத்திங்
உச்சம் (ப : மீதி) = ஜஸ்ட் (ஃபோல்டார் மேக்ஸ் ப மீதி)

இதைப் பயன்படுத்தும் இடத்தில் இரண்டு நிலைகளையும் பார்த்தாக வேண்டும்:

செய்தி :: [இன்ட்] -> ஸ்ட்ரிங்
செய்தி விலைகள் =
  கேஸ் உச்சம் விலைகள் ஆஃப்
    நத்திங் -> "இன்று வரத்து இல்லை"
    ஜஸ்ட் வி -> "உச்ச விலை " ++ ஷோ வி

ஜஸ்ட் வி என்பது இங்கே கூட்டலில் நாம் எழுதிய (முதல் : மீதி) போன்ற ஒரு வடிவமே. உள்ளே இருக்கும் எண் வி என்ற பெயரில் வெளியே வருகிறது. நத்திங் வரியை எழுத மறந்தாலும் கம்பைலர் இயல்பு நிலையில் பேசாமல் ஏற்றுக்கொள்ளும் என்பதால், டபிள்யூ-ஆல் என்ற எச்சரிக்கைத் தெரிவைத் தொடக்கத்திலிருந்தே இயக்கி வையுங்கள். எந்த வடிவம் விடுபட்டது என்று பெயர் சொல்லிக் காட்டும். பட்டியலின் முதல் உறுப்பை எடுக்கும் ஹெட் செயற்கூறும் வெறும் பட்டியலில் முறியக்கூடியதே. ஜிஎச்சி என்ற ஹாஸ்கெல் கம்பைலரின் 9.8 பதிப்பிலிருந்து அதைப் பயன்படுத்தினாலே எச்சரிக்கை வருகிறது.

தருமபுரி எலிக்சிர் (தருமபுரி)

மேபீ பற்றிய விளக்கம் எனக்கும் பயன்பட்டது. எலிக்சிரில் ஓகே, எரர் என்று குறியிட்ட இணைகளால் இதையே செய்கிறோம். ஆனால் எரர் கிளையை எழுதாமல் விட்டால் நிரல் ஓடும்போதுதான் பெரும்பாலும் தெரியவரும். முதல் மொழியாக எலிக்சிரைத்தான் இன்னும் பரிந்துரைப்பேன். எனினும் மண்டிக் கணக்கு போன்ற பணம் சார்ந்த வேலைக்கு இந்தக் கண்டிப்பு நல்லதே.

பாலக்கோட்டான் (பாலக்கோடு)

உச்சம், சராசரி இரண்டையும் எழுதி ஓட்டிவிட்டேன். சராசரிக்கும் வெறும் பட்டியல் வந்தால் என்ன ஆகும் என்று பார்த்தேன். முறியவில்லை, நேன் என்று ஒரு விடை வருகிறது.

ஓசூர் நிரலர் (ஓசூர்)

டபுள் தரவினத்தில் 0-ஐ 0-ஆல் வகுத்தால் முறியாது. எண் அல்லாத மதிப்பு என்று பொருள்படும் நேன் கிடைக்கும். அது முறிவதைவிட மோசம். அந்த நேன் அடுத்த கூட்டலிலும் பெருக்கலிலும் பேசாமல் பரவி, மாதக் கணக்கின் கடைசி வரியில்தான் கண்ணில் படும். உச்சத்தைப் போலவே இதற்கும் தரவினத்தை முதலில் மாற்றுங்கள்; வரையறையில் என்ன மாற வேண்டும் என்பதைக் கம்பைலரே வரி வரியாகக் கேட்கும்.

சராசரி :: [டபுள்] -> மேபீ டபுள்
சராசரி [] = நத்திங்
சராசரி விலைகள் = ஜஸ்ட் (சம் விலைகள் / ஃப்ரம்இன்டக்ரல் (லெங்த் விலைகள்))

வெறும் பட்டியலின் வரி மேலேதான் இருக்க வேண்டும். விலைகள் என்ற பெயர் எந்தப் பட்டியலுக்கும் பொருந்தும் வடிவம் என்பதால், அது முதலில் வந்தால் இரண்டாம் வரிக்கு வேலை இருக்காது.